திருத்தங்கல் வழியே ஒரு நகைப்பெட்டி

விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வழியாகச் சிவகாசிக்குப் போகிற சாலையில் மரம் அபூர்வம். இரண்டு பக்கமும் கரிசல், வேலிக்கருவை, நடுவே தள்ளித் தள்ளி நிற்கிற சின்னச் சின்ன அறைகள். பட்டாசு ஆபீஸ்கள் அவை. தொழிற்சாலை என்று இங்கே யாரும் சொல்வதில்லை. பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ்தான். ஓர் அறையில் தீ விழுந்தால் அடுத்த அறைக்குத் தாவக்கூடாது என்று இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். மரமே இல்லாத இந்தப் பூமிதான் பல பத்தாண்டுகள் நாடு முழுவதற்கும் மரப்பெட்டி செய்து அனுப்பியது. உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி, உள்ளே தீக்குச்சி. அவ்வளவு எண்ணிக்கையில் மரப்பெட்டி செய்த கைகள் இந்தியாவில் வேறெங்கும் இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீரில் வைக்க ஒரு நகைப்பெட்டி செய்து வாங்குவதற்காகத்தான் இந்தப் பயணம். சிவப்பு வெல்வெட் ஒட்டிய பெட்டியை நகைக்கடைக்காரரே சும்மா கொடுத்துவிடுவார். எனக்கு மரத்தில் வேண்டும், இந்த மாவட்டத்துக் கைவேலையாக வேண்டும். திறக்கிற முறையும் தீப்பெட்டி முறையாக இருக்க வேண்டும்: வெளியே ஒரு கூடு, விரலால் தள்ளினால் நழுவி வருகிற தட்டு. கீல் கிடையாது, கொண்டி கிடையாது.

தீப்பெட்டி முறை ஏன் என்றால், அதுதான் எங்கள் வீட்டுப் பெட்டி. அக்கா பள்ளிக்கூடத்துப் பாவாடையோடு திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கணக்கு குரோஸில் நடக்கும். 144 பெட்டி ஒரு குரோஸ். பெட்டி ஒட்டிய காசில் வீட்டுக்கு அரிசி வந்தது, எனக்கு நோட்டுப் புத்தகம் வந்தது. அந்த விரல்களில் இருந்ததைக் கைத்தொழில் என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசலில் கடைந்த அம்பாசமுத்திரத்து மரச்சொப்புக்குப் பேர் உண்டு. தேர்ச் சிற்பத்துக்குப் பேர் உண்டு. பெட்டி ஒட்டிய சிறுமிகளின் வேலைக்குக் கிடைத்ததெல்லாம் குரோஸ் கணக்குக் கூலி.

விருதுநகரில் மரக்கடைக்குப் போனேன். பருப்பு, மல்லி, மிளகாய் வற்றல், எண்ணெய் என்று சரக்கு விலை நிர்ணயிக்கிற ஊர் அது. மரமும் அங்கே சரக்குக் கணக்கில்தான் பேசப்படுகிறது. எத்தனை கன அடி வேண்டும் என்று கேட்டார் கடைக்காரர். ஒன்பது அங்குலத்தில் ஒரு பெட்டி என்று கையை விரித்துக் காட்டினேன். “அண்ணாச்சி, இது நிலை, கதவுக்கு அறுக்கிற இடம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போங்க, அங்க கைவேலை ஆசாரிங்க இன்னும் இருக்காங்க” என்று வழி சொன்னார். சிவகாசிப் பேருந்தில் ஏறினேன். போகிற வழியில்தான் திருத்தங்கல், அக்கா வீடு.

சிவகாசியின் பெட்டிக் கதை 1922இல் தொடங்குகிறது. அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு உறவினர்கள் அந்த ஆண்டு கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். தீப்பெட்டி செய்யும் முறையை அங்கே கற்றுக்கொண்டு திரும்பி, 1923இல் சிவகாசியில் வேலையைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில்தான் ஒரு ஸ்வீடன் நிறுவனம் இயந்திரத்தில் தீப்பெட்டி செய்வதற்காக விம்கோ என்ற பெயரில் இந்தியாவுக்குள் வந்தது. சிவகாசிக்காரர்களும் இயந்திரம் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் கட்டுபடியானது கைவேலைதான். மழை பொய்க்கிற பூமி, வெள்ளாமை இல்லாத மாதங்கள், வேலைக்குக் காத்திருக்கும் வீடுகள். ஈரமில்லாத காற்று தீக்குச்சி மருந்து காய்வதற்குத் தோதாக இருந்தது. பெட்டியின் மேல் ஒட்டுகிற லேபிளுக்காக வந்த அச்சு இயந்திரம் பிறகு காலண்டருக்கும் நோட்டுக்கும் திருமணப் பத்திரிகைக்கும் வளர்ந்தது. மருந்து கலக்கத் தெரிந்தவர்கள் மத்தாப்புக்குப் போனார்கள், அங்கிருந்து வெடிக்கு. மூன்று தொழிலுக்கும் ஆதி அந்தச் சின்னப் பெட்டி.

பெட்டிக்கு மரம் மேற்கு மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. மட்டி என்கிற மரம். வெளுப்பு, மெத்தென்று இருக்கும், ரேகை நேராக ஓடும். கட்டையை இயந்திரத்தில் பொருத்திச் சுழற்றுவார்கள். கட்டையின் நீளத்துக்கு ஒரு கத்தி அதன்மேல் பதிந்து நிற்கும். சுற்றச் சுற்றக் கட்டை மெலிந்துகொண்டே வரும். மரம் தாளாக உரிந்து நீளமாக வெளியே வரும். மடக்க வேண்டிய இடங்களில் கூடவே கீறலும் விழுந்துவிடும். துண்டு போட்டால் பெட்டிக்கான சீவல் தயார். அதற்குப் பிறகுதான் வீட்டுத் திண்ணை.

திருத்தங்கலில் அக்கா காபி ஆற்றிக்கொண்டே கை அசைவில் செய்துகாட்டினாள். கையில் ஒன்றுமில்லை, விரல்கள் மட்டும் போய் வந்தன.

“கீறல் மேலயே மடக்கணும் தம்பி. நூலிழை தள்ளி மடக்குனாலும் ஒடிஞ்சுரும். ஒடிஞ்சா கணக்குல சேராது. மடக்குன கையோட ஊதாத்தாள இழுத்துச் சுத்தி, அடிப்பலகைய வச்சு, தாள் ஓரத்த உள்ள மடிச்சு விட்டுரணும். பெருவிரல் போற போக்குலயே பெட்டி சதுரமா நின்னுரும்.”

“பசை?”

“மைதாவக் காய்ச்சுறது. கரப்பான் கடிக்காம இருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவாங்க. அந்தக் கையோட சோறு திங்கக்கூடாதுன்னு அம்மா கத்துவா.”

அடிப்பெட்டி மேல்பெட்டிக்குள் இறுக்கமாகவும் இருக்கக்கூடாது, தானாக நழுவவும் கூடாது. அதற்கு அளவுகோல் எதுவும் கொடுக்கப்படவில்லை. பத்து வயதுப் பெண் விரலில் அந்த அளவு ஏறியிருந்தது. அதை நினைக்கும்போது பெருமை பாதியும் கோபம் பாதியுமாகவே வருகிறது எனக்கு. 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படம் அந்தச் சிறுமிகளின் விடியற்காலையை உலகத்துக்குக் காட்டியது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது: ஆபத்தான தொழிலில் குழந்தையை அமர்த்திய முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தப் பணம் அந்தக் குழந்தையின் நலனுக்குப் போக வேண்டும். அக்காவின் காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அவள் மகள் பெட்டி ஒட்டியதில்லை. கல்லூரிக்குப் போனாள், இப்போது ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறாள். மரச்சீவலும் போய்விட்டது, தீப்பெட்டி அட்டைக்கு மாறி வெகுகாலமாகிறது. 2007இலிருந்து ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி, 2021 டிசம்பர் 1ஆம் தேதிதான் இரண்டு ரூபாயானது. நடுவில் 14 வருஷம் ஒரு பொருள் விலை ஏறாமல் நின்றால், அந்தச் சுமை யார் தோளில் இறங்கியிருக்கும் என்பதை இந்தத் தெருக்களில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மாலையில் அக்காவோடு நின்ற நாராயணப் பெருமாள் கோயிலுக்கு மலை ஏறினேன். இந்தத் தங்கலுக்குச் சிலப்பதிகாரத்தில் ஓர் இடம் உண்டு, அதுவும் நகை சம்பந்தப்பட்டது. மதுரை எரிந்தபின் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதை. பராசரன் என்ற சோழநாட்டு அந்தணன் சேரனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் வழியில் தங்கலில் அரசமரத்தடியில் இளைப்பாறுகிறான். விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களை அழைத்து, என்னோடு சேர்ந்து மறை ஓதுகிறவனுக்கு இந்தச் சிறு மூட்டை என்கிறான். வார்த்திகன் என்பவனின் மகன், மழலை மாறாத பையன், பிழையில்லாமல் ஓதுகிறான். பராசரன் முத்துப் பூணூலையும் கடகத்தையும் தோட்டையும் கொடுத்துவிட்டு ஊர் போய்ச் சேர்கிறான். பையன் வீட்டில் திடீரென்று நகை மினுங்குவதைப் பார்த்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. அரசனுக்குச் சேர வேண்டிய புதையலை எடுத்தவன் என்று வார்த்திகனைச் சிறையில் அடைத்துவிட்டார்கள். அவன் மனைவி கார்த்திகை தரையில் புரண்டு அழுதாள். கொற்றவை கோயில் கதவு திறக்க மறுத்தது. பிறகுதான் பாண்டியன் விசாரித்து, பிழை தங்கள் பக்கம் என்று உணர்ந்து, வார்த்திகனை வணங்கித் தங்கலையும் வயலூரையும் அவனுக்கு எழுதிவைத்தான்.

படியில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொன்னேன். அக்கா அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் கீழே ஊரைப் பார்த்திருந்துவிட்டுக் கேட்டாள்: “கொடுத்தவன் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துட்டுப் போயிருந்தா அந்த மனுசன் ஜெயிலுக்குப் போயிருக்க வேண்டாம்ல?”

சிலப்பதிகாரத்தைப் பலமுறை படித்திருக்கிறேன். இந்தக் கேள்வியை எந்த உரையாசிரியரிடமும் கண்டதில்லை.

மறுநாள் மல்லி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர். தூரத்திலிருந்தே பதினொரு நிலைக் கோபுரம் தெரிந்துவிடுகிறது, 192 அடி. தேரடியில் ஆண்டாளின் தேர் நிற்கிறது. ஆடிப்பூரத்தன்று அது அசைந்து வருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மரத்தில் எவ்வளவு பெரியதைச் செய்துவிட முடியும் என்று. நான் கேட்டு வந்தது அதன் நேர் எதிர்முனை. பால்கோவாக் கடைகளைத் தாண்டி ஒரு சந்துக்குள், வாசலில் மரத்தூள் குவிந்த ஒரு பட்டறையைக் காட்டினார்கள்.

ஆசாரிக்கு அறுபது வயதிருக்கும். இப்போது வருகிற வேலையெல்லாம் பிளைவுட்டில் மைக்கா ஒட்டுவதுதான் என்றார். நகைப்பெட்டி என்றதும் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை உதறி உட்கார்ந்தார். தீப்பெட்டி மாதிரி தள்ளித் திறப்பது என்றதும் ஒரு துண்டுப் பலகையை எடுத்து அதிலேயே படம் போட்டார்.

“நிலையில ஒரு நூல் தப்புனா பூசி மறைச்சுரலாம் அண்ணாச்சி. சின்னப் பெட்டியில தப்பு ஒளியுறதுக்கு எடமில்ல. தள்ளுற பெட்டின்னா இன்னும் மோசம். ஐப்பசியில ஊதும், சித்திரையில சுருங்கும்.”

மரம் ரேகையின் நீளவாக்கில் அனேகமாக அசையாது; குறுக்குவாக்கில்தான் ஊதுவதும் சுருங்குவதும். ஆகவே நான்கு பக்கப் பலகைக்கும் ரேகை பெட்டியைச் சுற்றி ஒரே திசையில் ஓடும்படி வெட்டவேண்டும் என்றார். அப்போது ஊதினாலும் சுருங்கினாலும் பக்கவாட்டில் பிடிக்காது. இந்த நாட்டு வெயிலுக்கு நன்றாகக் காய்ந்த மரம் வேண்டும். பரணிலிருந்து ஒரு பூவரசம் பலகையை இறக்கினார். மேலே சாம்பல் நிறம். இரண்டு இழைப்பு இழைத்ததும் உள்ளே கருஞ்சிவப்பு ரேகை எழுந்து வந்தது. ஊர்க்கிணற்றோரம் நிற்கிற மரம். பிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுகிற மரம். தேக்கைக் கேட்டுப் போன நான் அந்தக் கணத்திலேயே பூவரசுக்கு மாறிவிட்டேன்.

பலகை கனம் மூன்று நூல். மூலைகளைப் பல் பல்லாக அறுத்து ஒன்றோடொன்று கோத்தார். ஆணி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முன்பே அவர் முடிவெடுத்திருந்தார். பல் வெட்டும்போது அவர் கோட்டின் மேல் அறுக்கவில்லை. கோட்டை ஒட்டி, கழிவுப் பக்கமாக அறுத்தார். மிச்சமிருந்த மயிரிழையை உளியால் சீவிப் பொருத்தினார். கொட்டாப்புளியால் இரண்டு தட்டு. மூலை சேர்ந்த இடத்தில் நகம் நுழையவில்லை. உளி ஒவ்வொன்றையும் வேலை முடிந்ததும் வேட்டி மடிப்பில் துடைத்து வைத்தார். அந்தப் பட்டறையில் நின்ற நேரம் இந்தப் பயணத்தின் ஆகச் சிறந்த நேரம்.

உள்ளே என்ன ஒட்டுவது என்ற பேச்சு வந்தது. எனக்கு ஒரு ஆசை: சிவகாசி அச்சகங்களில் பழைய தீப்பெட்டி லேபிள் தாள்கள் கிடைக்கும், அதை ஒட்டலாம், அதையும் அக்கா கையாலேயே ஒட்டலாம். கைபேசியில் அக்காவை அழைத்தேன்.

“எதுக்குத் தம்பி? நான் ஒட்டுனது போதும். பிள்ளைக்கு நல்ல பருத்தித் துணி போட்டுக் கொடு. ரப்பர் பஞ்சு வைக்காத, வெள்ளி கறுத்துரும்.”

அவள் சொன்னது வேதியியல்படி சரி. ரப்பரிலும் கம்பளித் துணியிலும் கந்தகம் உண்டு. மூடிய பெட்டிக்குள் அது வெள்ளியைக் கறுக்க வைக்கும். கந்தகம் அக்காவுக்குப் புத்தகத்தில் தெரிந்த பொருள் கிடையாது. கல்யாணத்துக்குப் பின் அவள் போனது பட்டாசு ஆபீஸுக்கு. சரம் பின்னுகிற வேலை. கொலுசைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். உரசலுக்கும் இரும்புக்கும் ஆகாத இடம் அது. அங்கே கருவியெல்லாம் மரத்திலும் பித்தளையிலும்தான். லேபிள் யோசனையை அத்தோடு விட்டுவிட்டேன். அந்தத் தாளை அழகாகப் பார்க்க எனக்கு முடிகிறது என்றால், அதில் பசை தடவியது நான் இல்லை என்பதால்தான்.

அழைப்பைத் துண்டிக்கும் முன் அக்கா இன்னொன்று கேட்டாள். “தட்டுக்கு அடியில ஒரு ரசீது வைக்கிற மாதிரி எடம் விடச் சொல்லேன்.”

“என்ன ரசீது?”

“நகைக்கடன் ரசீதுதான். நகை வீட்டுல இருக்குற நாளவிட பேங்க்ல இருக்குற நாள்தான் அதிகம். நகை இல்லாதப்ப பெட்டி சும்மாதான கெடக்கும்? ரசீது தொலைஞ்சா நகையே தொலைஞ்ச மாதிரி.”

இந்த வட்டாரத்தில் வேலைக்கு ஒரு பருவம் உண்டு. தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆபீஸ்கள் சில வாரம் மூடிக்கிடக்கும். 2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சரவெடியையும் பேரியம் உப்பு கலந்த பட்டாசையும் தடை செய்தபோது, அந்த வருஷத் தீபாவளிக்குப் பின் மூடிய ஆபீஸ்கள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. சரம் பின்னிய கைகளுக்குத்தான் முதல் அடி. டெல்லியின் காற்றை நான் சுவாசித்திருக்கிறேன். அந்தத் தீர்ப்பின் காரணம் எனக்குப் புரியும். ஆனால் அந்தக் காரணத்தின் விலையை வருஷம் முழுக்கக் கட்டியது யாரென்றால், அக்காவின் தெருவில் தோட்டையும் செயினையும் எடுத்துக்கொண்டு வங்கி வாசலில் நின்ற பெண்கள். கந்துவட்டிக்குப் போகாமல் அவர்களைக் காத்தது அந்தப் பொட்டுத் தங்கம். 2021இல் கூட்டுறவு வங்கிகளில் 5 பவுன் வரை வைத்த நகைக்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. அன்று தெருவே ரசீதைத் தேடியது என்று அக்கா சொன்னாள். அரிசிப் பானைக்குள், சாமி படத்துக்குப் பின்னால், புடவை மடிப்பில்.

சீர்ப்பெட்டியில் அடகு ரசீதுக்கு இடமா என்று கல்யாண வீட்டில் யாராவது முகம் சுளிக்கலாம். அபசகுனம் என்றுகூடச் சொல்லலாம். பெண்ணின் தாயே கேட்டபின் எனக்கு அதில் தயக்கம் இல்லை. பரம்பரை நகை என்று சொல்வார்கள். எங்கள் பக்கம் நகை தலைமுறை தாண்டி வருவதே மீட்டு மீட்டுத்தான்.

ஆசாரியிடம் சொன்னேன். காரணம் கேட்கவில்லை. தட்டின் உயரத்தில் இரண்டு நூல் குறைத்து, அடியில் ஒரு மெல்லிய பலகையைக் காடி வெட்டி நுழைத்தார். அந்தப் பலகை முன்பக்கமாக நழுவும். தட்டு முழுதாக வெளியே வந்தால்தான் அது தெரியும். ரசீதை மடிக்காமல் வைக்க முடியுமா என்று என் பையிலிருந்த தாள்களை வைத்து வைத்துப் பார்த்தார். பிறகு கூட்டின் உட்பக்கத்திலும் தட்டின் வெளிப்பக்கத்திலும் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்தார். தட்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போய், கடைசி அரை அங்குலத்தில் மெதுவாகி, பொருந்தி நின்றது. இறுக்கமில்லை, தளர்வுமில்லை. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷ், பஞ்சில் தொட்டு, காயவிட்டு, உப்புத்தாளால் லேசாக வருடி, மறுபடி பஞ்சு. பூவரசின் கருஞ்சிவப்பு ஆழம் பிடித்தது.

பெட்டியைத் திருத்தங்கலுக்குக் கொண்டுவந்தபோது அக்கா அதை வாங்கிப் புரட்டிப் பார்க்கவில்லை. பெருவிரலால் தட்டைத் தள்ளினாள், சுட்டுவிரலால் திரும்ப உள்ளே தள்ளினாள், இன்னொரு தடவை தள்ளினாள். “ஆசாரிக்குக் கை வந்திருக்கு” என்றாள். மகள் அடிப்பலகையைக் கண்டுபிடித்து இழுத்து, இது எதற்கு மாமா என்று கேட்டாள். அம்மாவைக் கேள் என்றேன். அக்கா உள்ளே போய்த் தன்னுடைய பழைய ரசீது ஒன்றைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். மீட்டு முடித்த கடன். ரசீதைக் கிழிக்காமல் வைத்திருந்தாள். நீளவாக்கில் சரியாகப் பொருந்தியது. அகலத்தில் ஓரம் கொஞ்சம் மடங்கியது.

பாக்கிப் பணம் கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பப் போனபோது அந்த மடங்கின ஓரத்தைச் சொன்னேன். ஆசாரி தலையாட்டிக்கொண்டே பலகையில் பென்சிலால் புது அளவு குறித்தார். அவர் மனைவி ரசீது அறையைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறாராம். “எங்க சொசைட்டி ரசீது இன்னும் அகலம் அண்ணாச்சி. அடுத்த பெட்டிய ஒரு அங்குலம் கூட்டித்தான் போடணும்” என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த பூவரசம் பலகையை அளக்க ஆரம்பித்தார்.